கிணறும் வர்த்தமானியும்

மாத்தளை நகரிலிருந்து கிழக்கே ரத்தோட்டையைத் தாண்டி நக்கிள்ஸ் மலைகளில் ஏறும் வீதி, மிளகும் கராம்பும் தேயிலையும் வளரும் ஈரமான சரிவுகளினூடாக றிவர்ஸ்டனை அடைகிறது. அங்கே பல நாட்களில் பகலிலேயே மூடுபனி வீதியை மறைத்துவிடும். உச்சியைக் கடந்து இலுக்கும்புர, பல்லேகம என்று இறங்க இறங்க மழை குறைகிறது, வெயில் ஏறுகிறது, வயல்கள் தென்படுகின்றன. ஹெட்டிபொலவை எட்டும்போது வில்கமுவ பிரதேச செயலகப் பிரிவில், மகாவலியின் இடது கரையில், உலர் வலயத்தின் விளிம்பில் நிற்கிறோம். மலையின் மேற்குச் சரிவுகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றர் மழைகூடப் பெய்யும். கிழக்கு அடிவாரத்தில் 2000க்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி மாரி மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும்.

இந்த ஒரே மாவட்டத்தின் இரண்டு பக்கங்களிலும் பல ஆண்டுகளாக ஒரே களைகொல்லி தெளிக்கப்பட்டு வந்தது. கிளைபோசேட் அதன் பெயர். மேற்கே தேயிலைத் தோட்டங்களில் அது கொழுந்துச் செடிகளின் நிரைகளுக்கிடையே வளரும் புல்லைக் கருக்கியது. தோட்டத்தில் அதற்கு 'மருந்தடிக்கிறது' என்றுதான் பெயர். கிழக்கே நெல் விதைக்குமுன் வயலைத் துப்புரவாக்கவும் சேனைப் பயிர் நிலத்தைத் தயாராக்கவும் அதே மருந்து. ஆனால் கிழக்கே, வில்கமுவப் பக்கத்தில்தான், சிறுநீரகங்கள் காரணம் தெரியாமல் பழுதாகும் நோய் பரவியது. மலையின் தேயிலைப் பக்கத்தில் அப்படிப் பரவவில்லை. மேற்குப் பக்கத்துக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை நாட்டின் கொள்கை வகுப்பாளர்கள் ஒருமுறை ஆற அமரப் பார்த்திருந்தால், அந்த மருந்தைத் தடைசெய்ய 2015இல் எடுத்த முடிவை வேறு விதமாக எடுத்திருப்பார்கள். தடை விதித்திருக்கவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. விதித்த தடையிலிருந்து நாடு எதையாவது கற்றுக்கொள்ளும்படி விதித்திருப்பார்கள்.

முதலில் நோயைப் பற்றி. 1990களில் அநுராதபுரம் மாவட்டத்தின் மதவாச்சி, பதவிய பகுதிகளில் வைத்தியர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். நாட்பட்ட சிறுநீரக நோய் என்றால் வழக்கமாகப் பின்னால் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. நோயாளிகள் பெரும்பாலும் நடுத்தர வயது விவசாயிகள். திசுவைப் பரிசோதித்தால் சேதம் வடிகட்டும் முடிச்சுகளில் தொடங்கவில்லை. உடலுக்குத் தேவையான நீரையும் உப்புகளையும் மீட்டெடுக்கும் நுண்குழாய்களிலும் அவற்றைச் சூழ்ந்த இழையத்திலும் தொடங்கியிருந்தது. இதனால் சிறுநீரில் புரதம் அதிகம் கசியாது, முகம் வீங்காது, நோய் பல ஆண்டுகள் சத்தமின்றி வளரும். மனிதர் களைப்பென்று வைத்தியசாலைக்கு வரும் வேளையில் குருதியில் கிரியாட்டினின் எகிறியிருக்கும், சிறுநீரகத்தின் பெரும்பகுதி செயலிழந்திருக்கும். அநுராதபுரத்திலிருந்து பொலன்னறுவை, பதுளை, குருநாகல், மொனராகலை என்று உலர் வலயம் முழுக்க நோயாளிகள் இனங்காணப்பட்டார்கள். மாத்தளையில் வில்கமுவ அந்த வரைபடத்தில் கரும்புள்ளியானது.

'காரணம் அறியப்படாத' என்பதே இந்த நோயின் வரைவிலக்கணம். நீரிழிவு இல்லை, நெடுங்கால இரத்த அழுத்தம் இல்லை, பாம்புக்கடி இல்லை, சிறுநீர்க்குழாய் அடைப்பு இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்து எஞ்சுவதற்குத்தான் இந்தப் பெயர். இப்படிக் கழித்துப் பெறும் நோயை ஆராய்வது மிகக் கடினம். சேதம் தொடங்கிய காலத்துக்கும் கண்டறியப்பட்ட காலத்துக்கும் இடையே பத்து ஆண்டுகளும் போயிருக்கலாம். இன்று கிணற்றில் அள்ளும் தண்ணீர் பத்து ஆண்டுகளுக்கு முன் குடித்த தண்ணீர் அன்று.

ஆராய்ச்சியாளர்கள் ஒருவர்பின் ஒருவராக விளக்கங்களை முன்வைத்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழக வேதியியலாளர் ஒலிவர் இலேபெரும, நிலத்தடி நீரின் புளோரைட்டும் மலிவான அலுமினியப் பாத்திரங்களும் சேர்ந்து நச்சாகின்றன என்றார். வேறு சிலர் பொஸ்பேட் உரத்தோடு வரும் கட்மியத்தைக் குறை கூறினார்கள். ஆசனிக் என்றார்கள், குளங்களில் பெருகும் நீலப்பச்சைப் பாசிகளின் நஞ்சு என்றார்கள். சி.பி. திசாநாயக்க, ரோஹண சந்திரஜித் போன்ற புவி வேதியியலாளர்கள் நோய்ப் பகுதிகளின் நிலத்தடி நீரில் புளோரைட்டும் கடினத்தன்மையும் ஒன்றாக உயர்ந்திருப்பதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார்கள். உலக சுகாதார ஸ்தாபனமும் தேசிய அமைப்புகளும் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியிட்ட பெரிய ஆய்வு, நோயாளிகளின் சிறுநீரில் கட்மியம் கூடுதலாக இருப்பதாகச் சொன்னது. ஆனால் அந்த அளவுகள் இவ்வளவு சேதத்தை விளக்கப் போதுமானவையா என்ற கேள்வி விமர்சகர்களிடையே தொடர்ந்தது.

வில்கமுவப் பக்கத்து வீடொன்றில் தேநீர் வைக்கும் கேத்தலைத் திறந்து பார்த்தால் புவி வேதியியல் கண்முன் தெரியும். அடியிலும் ஓரங்களிலும் வெள்ளையாய், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாய் உரியும் படிவு. சவர்க்காரம் நுரைக்காது. தலைமுடி சிக்குப் பிடிக்கும். அது வன்னீர். பாறைகளிலிருந்து கரைந்து வந்த கல்சியமும் மக்னீசியமும் அந்த நீரில் உண்டு. மக்கள் அதைக் 'கிவுல்' தண்ணீர் என்பார்கள், குடித்தால் தாகம் அடங்காது என்பார்கள். மலையின் மறுபக்கத்து ஓடைகளில் ஓடும் நீரோ மென்னீர். நிறைய மழை பெய்து பாறையைக் கழுவிக்கொண்டே இருப்பதால் அதில் கரைந்த உப்புகள் சேர நேரமில்லை. இன்னொரு செய்தியும் கவனத்துக்குரியது. நோய்ப் பகுதிகளுக்குள்ளேயே, ஆழமற்ற கிணற்றை விட்டு இயற்கை ஊற்றுகளில் நீர் எடுத்துக் குடித்த குடும்பங்களில் நோய் குறைவாகவே காணப்பட்டதாக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். எல்லா விரல்களும் தண்ணீரை நோக்கியே நீள்கின்றன.

இந்தச் சூழலில் 2014 பெப்ரவரியில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ரஜரட்ட பல்கலைக்கழகத்தின் சன்ன ஜயசுமன, கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் சரத் குணதிலக, பிரியந்த சேனாநாயக்க ஆகியோர் எழுதியது. அதன் வாதம் தெளிவானது, நேர்த்தியானது. கிளைபோசேட் மூலக்கூறு உலோக அயன்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதன் களைகொல்லித் திறனை மொன்சாண்டோ நிறுவனத்தின் ஜோன் பிரான்ஸ் 1970இல் கண்டறியுமுன்பே, இந்த வகைச் சேர்மங்கள் உலோகப் படிவுகளைக் கரைக்கும் பொருள்களாக அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தன. வன்னீரில் கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும், இருந்தால் ஆசனிக்கோடும், இது இணைந்து நிலையான கூட்டுச்சேர்மமாகும். அந்தக் கூட்டுச்சேர்மம் ஈரலின் நச்சு நீக்கும் வேலையைத் தப்பிச் சிறுநீரகத்தை அடைந்து அங்கே சேதம் விளைவிக்கும். இதுதான் கருதுகோள். வன்னீர் உள்ள இடங்களில் மட்டும் ஏன் நோய், 1990களுக்குப் பிறகு மட்டும் ஏன் நோய் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது ஒரே மூச்சில் பதில் சொன்னது. தேயிலைத் தோட்டங்களில் ஏன் இல்லை என்பதற்கும் பதில் அதனிடம் இருந்தது. அங்கே தண்ணீர் மென்னீர்.

நல்ல கருதுகோள்தான். அதைப் படித்த எவரும் அதன் கவர்ச்சியை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டுரை ஒரு கிணற்றிலும் கிளைபோசேட்டை அளக்கவில்லை, ஒரு நோயாளியின் குருதியையும் பரிசோதிக்கவில்லை. அது ஒரு முன்மொழிவு. அதை எழுதியவர்களும் தலைப்பிலேயே கேள்விக்குறி இட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஜயசுமனவும் சகாக்களும் பதவி ஸ்ரீபுரவில் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு, கிணற்று நீர் குடித்தவர்களிடமும் கிளைபோசேட் தெளித்தவர்களிடமும் நோய் அபாயம் கூடுதல் என்று கண்டது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் கிளைபோசேட் தெளிப்பவரே வெயிலில் நாள் முழுக்க நிற்பவர், அவரே வேறு மருந்துகளையும் தெளிப்பவர், அவரே கிணற்று நீர் குடிப்பவர். இவற்றைப் பிரித்தெடுக்க இன்னும் பல ஆய்வுகள் வேண்டும்.

கருதுகோள் சரியானால் நாம் எங்கே எதைக் காண வேண்டும்? வன்னீரும் கிளைபோசேட்டும் சேர்ந்த இடத்தில் நோய் இருக்க வேண்டும். இது வில்கமுவ. மென்னீரும் கிளைபோசேட்டும் உள்ள இடத்தில் இருக்கக் கூடாது. இது ரத்தோட்டைத் தேயிலை. வன்னீர் இருந்து கிளைபோசேட் இல்லாத இடம்? அந்தக் கட்டம்தான் முக்கியம், அதைத்தான் யாரும் முறையாக நிரப்பவில்லை. யாழ்ப்பாணம் இங்கே சிக்கலைக் கூட்டுகிறது. குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லில் ஊறும் நீர் நாட்டிலேயே பேர்போன வன்னீர். வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் பயிரிடும் அந்தத் தோட்டங்களில் இரசாயனங்களுக்கும் குறைவில்லை. போர்க்காலத் தடைகளால் அங்கே எந்த மருந்து எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கேள்வி. எப்படியாயினும் வட மத்திய மாகாணத்தில் போல இந்த நோய் அங்கே பரவவில்லை. சில ஆய்வாளர்கள் சொல்லும் காரணம் கடினத்தன்மையின் வகையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லின் கல்சியம். உலர் வலயத்தின் உருமாறிய பாறைகளிலிருந்து வருவதோ மக்னீசியமும் புளோரைட்டும். சந்திரே தர்மவர்தனவும் சகாக்களும் இந்த அயன் சேர்க்கையையே சிறுநீரகச் சேதத்தோடு இணைக்கும் வாதத்தை முன்வைத்தார்கள். அந்த விளக்கத்தில் களைகொல்லிக்கு இடமே இல்லை.

இவை அனைத்தும் விவாதத்தில் இருக்கையிலேயே கொள்கை ஓடத் தொடங்கியது. கட்டுரை வெளியாகி ஒரு மாதம் ஆகுமுன் அரசாங்கம் தடையை அறிவித்தது. 2014 முடிவில் நோய்ப் பகுதிகளில் கிளைபோசேட் உள்ளிட்ட சில மருந்துகளின் விற்பனை கட்டுப்படுத்தப்பட்டது. 2015 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், கிளைபோசேட் மனிதரில் அனேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. அது சிறுநீரகத்தைப் பற்றியதன்று, ஆனாலும் கொழும்பில் அதன் எதிரொலி பெரிதாகக் கேட்டது. பொலன்னறுவையைச் சேர்ந்தவரான ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, தன் மாவட்டத்து மக்களின் துயரத்தை நேரில் கண்டவர். அத்துரலியே ரத்தன தேரர் போன்றோர் தடைக்காகக் கடுமையாக வாதாடினார்கள். 2015 ஜூனில் இறக்குமதித் தடை நாடு முழுவதற்கும் வர்த்தமானியில் வந்தது. நோய் இல்லாத மலைநாட்டுக்கும் சேர்த்து.

இந்த அவசரத்தைக் கண்டித்தால் மட்டும் போதாது. நிச்சயம் வரும்வரை காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் உயிர்விலை உண்டு. இதற்கு உலகில் ஒரு கசப்பான சான்று இருக்கிறது. 1950களில் பல்கேரியா, யுகோஸ்லாவியா, ருமேனியா ஆகிய நாடுகளில், டான்யூப் ஆற்றின் கிளையாறுகளையொட்டிய விவசாயக் கிராமங்களில் ஒரு சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. அதுவும் நுண்குழாய்களைத் தாக்கியது, அதுவும் குறிப்பிட்ட கிராமங்களில் மட்டும். கிணற்று நீர், உலோகங்கள், பழுப்பு நிலக்கரியிலிருந்து கசியும் சேர்மங்கள், பூஞ்சண நஞ்சு என்று எல்லாவற்றையும் சந்தேகித்தார்கள். கோதுமை வயலில் வளரும் ஒரு களையின் விதை மாவோடு கலப்பதே காரணம் என்று 1969இலேயே ஒருவர் எழுதினார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1990களில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் பழுதானபோதுதான் துப்பு கிடைத்தது. மாத்திரையில் தவறுதலாகக் கலந்திருந்ததும் பால்கன் வயலின் களையும் ஒரே பேரினம், அரிஸ்டோலோக்கியா. நம் பக்கத்து ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம்தான். 2007இல் ஆர்தர் குரோல்மன் குழு, நோயாளிகளின் சிறுநீரகத் திசுவிலேயே அந்தச் செடியின் நஞ்சு பதித்த தடயத்தைக் காட்டியது. கண்டறிந்து நிரூபிக்க அரை நூற்றாண்டு. அதற்குள் எத்தனை குடும்பங்கள்!

ஆகவே கருதுகோளை நம்பிக் கொள்கை வகுப்பது தவறன்று. ஆனால் அப்படி வகுக்கும் அரசுக்கு ஒரு கடமை இருக்கிறது. அந்தக் கருதுகோளைச் சோதிக்கும் ஏற்பாட்டையும் அதே உத்தரவுக்குள் வைக்க வேண்டும். தடை வரும் நாளுக்கு முன் வில்கமுவவில் சில நூறு கிணறுகளில் கிளைபோசேட்டையும் அதன் சிதைவுப் பொருளான ஆம்பாவையும் அளந்திருக்க வேண்டும். புளோரைட்டு, மக்னீசியம், கட்மியம், ஆசனிக் ஆகியவற்றையும். அதே கிணறுகளை ஒவ்வொரு பெரும்போகத்துக்குப் பிறகும் மீண்டும் அளந்திருக்க வேண்டும். அந்தக் கிணற்றுநீரைக் குடித்த இளைஞர்களின் கிரியாட்டினினையும் நுண்குழாய்ச் சேதத்தை முதலில் காட்டும் சிறுநீர்ப் புரதங்களையும் ஆண்டுதோறும் பார்த்திருக்க வேண்டும். மலையின் மறுபக்கத்தில் ரத்தோட்டையிலும் உக்குவளையிலும், வடக்கே யாழ்ப்பாணத்திலும் அதே அளவீடுகள். ஒரு நாடு முழுவதும் ஒரு பொருளைப் பல ஆண்டுகள் நிறுத்தி வைப்பது எந்த ஆய்வகத்துக்கும் கிடைக்காத பரிசோதனை. அந்தப் பரிசோதனையை நாம் செய்தோம், ஆனால் யாரும் குறிப்பேட்டைத் திறக்கவில்லை.

இழப்பு அதோடு நிற்கவில்லை. தடை வந்த அதே ஆண்டுகளில் நோய்ப் பகுதிகளில் ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவல் தண்ணீர் நிலையங்கள் நூற்றுக்கணக்கில் நிறுவப்பட்டன. கடற்படையே அவற்றில் பலவற்றைக் கட்டியது. மக்கள் கேன்களில் சுத்திகரித்த நீரை வாங்கிக் குடிக்கத் தொடங்கினார்கள். இப்போது புதிய நோயாளிகள் குறைந்தால் யாருக்கு நன்றி சொல்வது? தண்ணீருக்கா, தடைக்கா, முன்கூட்டியே பரிசோதிக்கும் முகாம்களுக்கா? தொடக்க அளவீடு இல்லாமல் இரண்டு நடவடிக்கைகளை ஒரே நேரத்தில் எடுத்தால் எது வேலை செய்தது என்பதை எந்தப் புள்ளியியலாளராலும் சொல்ல முடியாது.

மலையின் மேற்குப் பக்கத்தில் தடை வேறொரு கதையை எழுதியது. மருந்து நின்றதும் புல் நிரைகளை மூடியது. தோட்டத் தொழிலாளர்கள் சுரண்டியையும் மண்வெட்டியையும் எடுத்தார்கள். புல் சுரண்டுவது முதுகை ஒடிக்கும் வேலை, ஏற்கனவே ஆட்கள் குறைந்துபோன தோட்டங்களில் கொழுந்து எடுக்க வேண்டிய கைகளையும் அது எடுத்துக்கொண்டது. சரிவில் சுரண்டிய இடத்தைப் பாருங்கள். புல் வேரோடு போனபின் மேல் மண் பொலபொலவென்று திறந்து கிடக்கிறது. அடுத்த மழையில் அது செந்நீராகி ஓடைக்குள் இறங்குகிறது. அம்பன் கங்கையை ஊட்டும் நீரோடைகள் இந்தச் சரிவுகளில்தான் பிறக்கின்றன. சூழலைக் காக்க வந்த சட்டம் இன்னொரு சூழல் சேதத்துக்கு வழிவிட்டதை மண் அரிப்பு ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள், கேட்க அப்போது யாருமில்லை.

சில தோட்டங்கள் வேறு களைகொல்லிகளுக்கு மாறின. எம்.சி.பி.ஏ. என்ற மருந்து அவற்றில் ஒன்று. தனி வரம்பு வகுக்கப்படாத பீடைகொல்லி எச்சங்களுக்கு ஜப்பான் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற பொது வரம்பை வைத்திருக்கிறது. இலங்கைத் தேயிலையில் எம்.சி.பி.ஏ. எச்சம் அதைத் தாண்டுவதாக அங்கிருந்து முறைப்பாடுகள் வந்தன. கள்ளமாக வந்த கிளைபோசேட்டும் கூடிய விலைக்கு விற்றது. கள்ளச் சந்தையில் வாங்கிய போத்தலில் என்ன கலந்திருக்கிறது என்று தெளிப்பவருக்குத் தெரியாது, அதை முதுகில் சுமந்து தெளிப்பவரோ தோட்டத் தொழிலாளி. 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது. பேராதனையின் களை அறிவியல் பேராசிரியர் புத்தி மாரம்பே இந்தத் தடையின் விளைவுகளைத் தொகுத்து 2020இல் சக ஆய்வாளரோடு எழுதினார். சோளம் பயிரிடும் விவசாயிகளும் தேயிலைத் துறையும் பெருநட்டம் அடைந்ததை அந்தக் கட்டுரை விளக்குகிறது. அவர் வாதத்தின் எல்லா வரிகளையும் ஒருவர் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் தடை விதிக்குமுன் அவரைப் போன்றவர்களை மேசைக்கு அழைத்து, மாற்று வழி என்ன, அதன் செலவை யார் சுமப்பது என்று கேட்டிருக்க வேண்டும். மாத்தளைத் தோட்டங்களின் லயங்களில் வாழ்பவர்களை அந்த மேசையில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. நோய் அவர்களுடையதன்று, கருதுகோள் அவர்களைப் பற்றியதன்று, சுமை மட்டும் அவர்கள் தோளில்.

கேட்காத இந்தப் பழக்கம் 2021இல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாடறியும். அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உரமும் விவசாய இரசாயனங்களும் இறக்குமதி செய்வது ஒரே இரவில் தடைசெய்யப்பட்டது. சொல்லப்பட்ட காரணங்களில் சிறுநீரக நோயும் ஒன்று. எதிர்த்துப் பேசிய விவசாய விஞ்ஞானிகள் ஓரங்கட்டப்பட்டார்கள், மாரம்பே அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். ஏழு மாதங்களுக்குள் நவம்பர் 24ஆம் திகதி தடை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பெரும்போக வயல்கள் மஞ்சளித்துப் போயிருந்தன. நெல் விளைச்சல் வீழ்ந்து அரிசி இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்பது இங்கே என் கேள்வியில்லை. ஒரு போகத்துக்குள் நாடு முழுவதையும் மாற்றலாம் என்று எந்த ஆய்வு சொன்னது? எதுவுமில்லை.

2014 கட்டுரையின் முதல் ஆசிரியரான சன்ன ஜயசுமன 2020இல் பாராளுமன்றம் சென்று இராஜாங்க அமைச்சராகவும் ஆனார். விஞ்ஞானி அரசியலுக்குப் போகக் கூடாது என்று நான் நினைப்பதில்லை. ஆனால் ஒரு கருதுகோளை உருவாக்கியவரும் அதைச் சட்டமாக்க வாதாடுபவரும் அதிகாரத்தில் இருப்பவரும் ஒருவராகும்போது, அந்தக் கருதுகோளைத் தவறென்று காட்டும் ஆய்வுக்கு நிதி கேட்டு இளம் ஆய்வாளர் ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவார்? இத்தகைய கேள்விகளுக்காகத்தான் ஆலோசனை கூறும் அமைப்பும் முடிவெடுக்கும் அமைப்பும் தனித்தனியே இருக்க வேண்டும், ஆலோசனை எழுத்தில், எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு முடிவை எந்தத் தயக்கமும் இன்றி 1990களிலேயே எடுத்திருக்கலாம். புளோரைட்டு, கட்மியம், ஆசனிக், மக்னீசியம், கிளைபோசேட், பாசி நஞ்சு என்று கருதுகோள்கள் ஆயிரம் மோதிக்கொள்ளலாம். வெயிலில் உழைத்து உடல் வறண்டு போவதே மூலம் என்று மத்திய அமெரிக்காவின் கரும்புத் தொழிலாளரிடையே பரவிய இதேபோன்ற நோயை ஆராய்பவர்கள் சொல்வதைத் தவிர, ஏறத்தாழ எல்லா விளக்கங்களும் கிணற்றின் வழியாகவே வருகின்றன. இதேபோன்ற நோய் பரவிய ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் ஆய்வாளர்கள் முதலில் சந்தேகித்தது தண்ணீரைத்தான். எந்தக் கருதுகோள் வென்றாலும் நல்ல குடிநீர் கொடுத்தது வீண் போகாது. வெயில்தான் காரணம் என்றாலும், குடிக்கச் சுவையான நீர் வயலுக்குப் பக்கத்தில் இருந்தால் விவசாயி கூடுதலாகக் குடிப்பார். காரணம் தெரியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கொள்கை இதுதான். அதைச் செய்யத்தான் நாம் மிகவும் தாமதித்தோம்.

தண்ணீரிலும் அறிவியல் ஓயாது. இலங்கையின் குடிநீர்த் தரக் கட்டளையான எஸ்.எல்.எஸ். 614, 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில் புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டி அளவு 1.5. வெப்ப நாட்டில் மனிதர் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பார், ஆகவே வரம்பு தாழ்ந்திருக்க வேண்டும் என்பது எளிய, சரியான நியாயம். ஆர்.ஓ. நிலையம் நல்ல கருவிதான். ஆனால் அதன் சவ்வை நேரத்துக்கு மாற்ற வேண்டும், வடித்து ஒதுக்கிய செறிந்த உப்புநீரை எங்கே விடுவது என்று தீர்மானிக்க வேண்டும். அந்த நீரைப் பக்கத்துக் காணியில் விட்டால் அது மீண்டும் யாரோ ஒருவரின் கிணற்றை அடையும். நிரந்தரத் தீர்வு குழாய் நீர். மாத்தளை மாவட்டத்துக்குள்ளேயே 2018இல் நிறைவடைந்த மொறகஹகந்த, களுகங்கை நீர்த்தேக்கங்களின் நோக்கங்களில் குடிநீர் வழங்கலும் ஒன்று. நக்கிள்ஸ் மலையின் மென்னீர் மலைக்குக் கீழே வன்னீர் குடிப்பவர்களின் வீட்டுக் குழாய்க்கு வர வேண்டும். இதற்கு இன்னொரு கருதுகோள் தேவையில்லை.

2022 ஓகஸ்டில் கிளைபோசேட் தடை முழுவதுமாக நீக்கப்பட்டது. இப்போது அந்த மருந்து வில்கமுவ வயல்களுக்கும் சட்டப்படியே திரும்ப வரலாம். திரும்பி வருவதும் ஒரு மாற்றமே, அதையும் அளக்க முடியும். மக்கள் சுத்திகரித்த நீரைக் குடிப்பதால் இன்று கிணற்றில் இருப்பது அவர்கள் உடலுக்குள் போவதில்லை என்பது உண்மை. பரிசோதனைக்காக ஒருவரையும் கிணற்று நீர் குடிக்க வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் கிணறுகளை அளப்பதால் எவருக்கும் தீங்கில்லை. பாடசாலை மாணவர்களின் சிறுநீரை ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிப்பதிலும் தீங்கில்லை. முடிவுகள் ஆய்விதழில் வந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கிணற்றின் எண்களும் சிங்களத்திலும் தமிழிலும் பிரதேச சபையில் ஒட்டப்பட வேண்டும், அந்தக் கிணறு யாருடைய வீட்டில் இருக்கிறதோ அவர் கைக்கே போய்ச் சேர வேண்டும். கொழும்பில் அடுத்த வர்த்தமானி எழுதுபவர் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.